மழை தாங்கும் கூடாரம்

எப்போதாவது காரில் மலையேறி ஓரிரு இரவு தங்கித் திரும்பும் குடும்பத்துக்கு வேண்டிய கூடாரம் வேறு, இமயமலைக்குப் போகிறவர் முதுகில் சுமக்கும் கூடாரம் வேறு. சுமந்து செல்பவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. கார் டிக்கியில் போகும் கூடாரத்துக்கு எடை பெரிய பிரச்சினை அல்ல. அதற்கு வேறு இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, சொல்லாமல் வந்து இரவெல்லாம் கொட்டும் மழை. மற்றொன்று, இரண்டு பயணங்களுக்கு நடுவே அது பரணில் மடிந்து கிடக்கும் மாதங்கள். கூடாரம் தேர்ந்தெடுக்கும்போது பலரும் முதல் சோதனையை மட்டுமே நினைக்கிறார்கள். ஆனால் பரணில் தன் தரத்தை இழந்த கூடாரம் மழையிலும் நிற்காது என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மதுரையில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு அனுபவம் இதற்குச் சான்று. பெற்றோர், மகள், மகன் என நான்கு பேர். மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்துத் தோட்டங்கள், ஏலகிரி, கொல்லிமலை ஆகியவை அவர்கள் கூடாரம் அடித்த இடங்கள். அவர்கள் வெளியே கிளம்பும் நாள்களைப் பள்ளி விடுமுறைதான் முடிவு செய்தது. காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வரும். அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். தீபாவளி அந்த மழையின் நடுவே வருகிறது. அரையாண்டு விடுமுறையின்போது மழை குறையும், ஆனால் கொடைக்கானல் மலையில் இரவு வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் வெயில் காய்ந்தாலும் பிற்பகலில் இடியுடன் கோடைமழை பெய்வது மலைகளில் வழக்கம். ஆகவே, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பம் மழை இல்லாத மாதத்தைத் தேர்ந்தெடுத்துக் கூடாரம் அடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். மழை தாங்குவது அவர்களது கூடாரத்துக்கு அடிப்படைத் தகுதி.

முந்தைய தலைமுறை அறிந்த கூடாரம் பருத்திக் கேன்வாஸால் ஆனது. இராணுவத்திலும் என்.சி.சி. முகாம்களிலும் பயன்பட்ட கூடாரங்களுக்கு எடையே பெயராக இருந்தது: 40 பவுண்டு, 80 பவுண்டு, 180 பவுண்டு. கடைசியாகச் சொன்னது 80 கிலோவுக்கும் மேல். அதைத் தூக்கி நிறுத்த ஒரு குழுவே வேண்டும். அந்தக் குடும்பத் தலைவர் பள்ளி நாள்களில் என்.சி.சி. முகாமில் கற்றுக்கொண்ட இரண்டு விதிகள் அவர் நினைவில் நெடுங்காலம் நின்றன. மழை பெய்யும்போது துணியை உள்ளிருந்து தொடக் கூடாது என்பது ஒன்று. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்ட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் இருந்தது. பருத்தி நூல் நனைந்ததும் உப்பி, இழைகளுக்கு இடையிலுள்ள கண்களை அடைத்துக்கொள்ளும். தொட்ட இடத்தில் இழைகளிடையே நிற்கும் நீர்ப்படலம் உடைந்து சொட்டத் தொடங்கும். அன்றைய கூடாரங்கள் பலவற்றுக்குத் தைத்த தரையும் கிடையாது. வாய்க்கால் இல்லாவிட்டால் மழைநீர் நேரே படுக்கைக்கு வரும். இன்றைய செயற்கை இழைக் கூடாரத்துக்கு இந்த இரண்டு விதிகளும் பொருந்துவதில்லை. வாய்க்கால் வெட்டுவது புல்தரையைக் கெடுத்து மண் அரிப்புக்கும் வழிசெய்வதால் தோட்ட உரிமையாளர்கள் அதை விரும்புவதுமில்லை.

கூடாரத்துக்குள் ஈரம் மூன்று வழிகளில் சேர்கிறது: மேலிருந்து மழையாக, கீழிருந்து ஓடும் நீராக, உள்ளிருந்து மூச்சின் ஆவியாக. நல்ல கூடாரம் மூன்றையும் தடுக்க வேண்டும்.

மேலிருந்து வருவது எவ்வளவு என்பதை ஒரு கணக்கு காட்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். நால்வர் கூடாரத்தின் தரை ஏறக்குறைய 5 சதுர மீட்டர். ஓர் இரவில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் கூரைமீது 250 லிட்டர் விழுகிறது. பருவமழைக் காலத்தில் மலையில் 5 சென்டிமீட்டர் அதிசயமல்ல. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அத்தகைய மழைக்கு எந்தக் கூடாரமும் தீர்வல்ல, அன்றைக்கு வீட்டில் இருப்பதே தீர்வு. சாதாரண அடைமழையைத் தாங்கினால் போதும்.

அந்தத் தாங்கும் திறனைக் கூடாரத்தின் விவரச் சீட்டு மில்லிமீட்டரில் சொல்கிறது. துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் எந்த உயரத்தில் நீர் துணியைத் துளைத்து மறுபக்கம் வருகிறதோ அதுவே அந்த எண். ஐ.எஸ்.ஓ. 811 என்னும் பன்னாட்டுத் தரமுறையின்படி, மூன்று இடங்களில் நீர்த்துளி தோன்றும்போது அளவு குறிக்கப்படுகிறது. 1,500 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் 150 கிராம் எடை அழுத்துவதைத் துணி தாங்கும் என்று பொருள். மழைத்துளிக்கு இது போதும். புதுத் துணியில் 1,500 இருந்தாலும் வெயிலிலும் மடிப்பிலும் அதன் நீர்புகாப் பூச்சு தேயத்தேய அது குறைந்துகொண்டே வரும். எனவே கூடாரத்தின்மேல் போர்த்தும் மேல்விரிப்புக்கு 2,000 முதல் 3,000 வரை உள்ளதைத் தேர்ந்தெடுப்பது, சில ஆண்டுகள் கழித்தும் போதிய அளவு மிஞ்சுவதற்காகத்தான். அதற்கும் மேலே போகும் எண்களுக்குப் பணம் கொடுப்பதால் எப்போதாவது தங்கும் குடும்பத்துக்குப் பெரிய ஆதாயம் இல்லை.

உண்மையில் மழை நுழைவது துணியைவிடத் தையல் வழியாகத்தான். தையல் என்பது ஊசி வரிசையாகப் போட்ட துளைகள். அவற்றின் உட்புறம் சூடேற்றி ஒட்டிய நாடா இருக்க வேண்டும். அந்தக் குடும்பம் முதலில் பயன்படுத்தியது உறவினரிடம் இரவல் வாங்கிய ஒரு மலிவான கூடாரம். அதன் மேல்விரிப்பு உச்சியை மட்டும் தொப்பியாக மூடியது. பக்கங்கள் ஒற்றைத் துணி. தையலில் நாடா இல்லை. ஏலகிரியில் தூறலாகத் தொடங்கிய மழை நள்ளிரவில் வலுத்தபோது, சுவர் துணி நனைந்ததே தவிர ஒழுகவில்லை. சுவரும் தரையும் சேரும் தையலில் மட்டும் ஒரே வரிசையாகத் தண்ணீர் கசிந்து வந்தது. பிள்ளைகளைக் காரின் பின்னிருக்கைக்கு மாற்றியபின் பெரியவர்கள் இருவரும் விடியும்வரை துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கூடாரம் வாங்கப் போனபோது அந்தக் குடும்பத் தலைவி கடையில் செய்த முதல் வேலை, மேல்விரிப்பைத் தலைகீழாகப் புரட்டித் தையல் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தது. எந்தக் கடையிலும் செய்யத்தக்க சோதனை அது. நாடா முழு நீளத்துக்கும் ஓடுகிறதா, மூலைகளில் மடிந்து எழும்பியிருக்கிறதா, கயிறு கட்டும் இடங்களிலும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் கூடாரத்தின் தரம் பாதி தெரிந்துவிடும். மேல்விரிப்பு தரைக்குச் சற்று மேலே வரை இறங்கியிருக்க வேண்டும். காற்றோடு வரும் சாரல் உச்சித் தொப்பிக்குக் கட்டுப்படாது.

துணி நைலானா, பாலியஸ்டரா என்பதும் கவனிக்கத்தக்கது. நைலான் இழை வலிமை மிக்கது. ஆனால் ஈரத்தை உறிஞ்சித் தளரும், வெயிலில் சீக்கிரம் நலியும். மாலையில் விறைப்பாகக் கட்டிய நைலான் மேல்விரிப்பு இரவு மழையில் தொய்ந்து, அதன் கீழுள்ள உள்கூடாரத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும். யாராவது எழுந்து போய்க் கயிறுகளை மீண்டும் இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் அந்த அளவு தளராது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். எடை சற்று மிகுந்தாலும் காரில் போகும் குடும்பத்துக்குப் பாலியஸ்டரே ஏற்றது. நூலின் பருமனை டெனியர் என்ற அளவு குறிக்கிறது: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 70 டெனியரை ஒட்டிய துணி குடும்பக் கூடாரத்தின் மேல்விரிப்புக்கு உறுதியானது. 20 டெனியர் துணி சுமை குறைக்க விரும்பும் மலையேறிகளுக்கானது. பிள்ளைகள் ஓடிவந்து சாயும் கூடாரத்துக்கு அது ஆகாது.

கீழிருந்து வரும் நீரைத் தடுப்பது தரைத்துணி. அதற்கு மேல்விரிப்பைவிட உயர்ந்த எண் வேண்டும். மழைத்துளி ஒரு கணம் மோதி வழிந்துவிடும். மண்டியிட்டவரின் முழங்காலோ உடல் எடையையெல்லாம் சிறிய இடத்தில் இறக்கி, நனைந்த மண்ணின்மேல் துணியை அழுத்துகிறது. அப்போது ஈரம் துணியை ஊடுருவி மேலே வரும். 3,000 முதல் 5,000 மில்லிமீட்டர் வரை உள்ள தரைத்துணியே நம்பத்தக்கது. தரைத்துணி ஒரு தொட்டியைப் போல நான்கு பக்கமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் மேலேறி, அதற்குமேல்தான் சுவரோடு தைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போது தையல் தரைமட்டத்தில் இராது. ஏலகிரியில் கசிந்தது போன்ற கசிவுக்கு இடமிராது.

தரைத்துணிக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரிப்பது கல்லும் முள்ளும் குத்தாமல் காக்கும். ஆனால் அது கூடாரத்தின் தரையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்விரிப்பிலிருந்து வழியும் நீர் அதில் விழுந்து நேரே அடியில் போய்த் தேங்கும். தார்ப்பாய் பெரிதாக இருந்தால் ஓரங்களைக் கீழ்ப்பக்கமாக மடித்து உள்ளே தள்ளிவிடலாம்.

மூன்றாவது ஈரம் உள்ளேயே பிறக்கிறது. தூங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் சில நூறு மில்லிலிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். நான்கு பேர் என்றால் அது லிட்டர் கணக்கை எட்டும். குளிர்ந்த துணியில் அந்த ஆவி பட்டு நீராகிச் சொட்டுகிறது. மன்னவனூரில் மழையே இல்லாத ஒரு டிசம்பர் இரவு முடிந்து எழுந்தபோது போர்வையின் மேற்பக்கம் ஈரமாக இருந்ததைக் கண்டு, கூடாரம் ஒழுகுகிறது என்று மகன் உறுதியாகச் சொன்னான். சுவரும் தரையும் சேரும் தையலைத் தடவிப் பார்த்தால் காய்ந்திருந்தது. ஈரம் மேல்விரிப்பின் உட்புறம் முழுவதும் சீராகப் பனித்திருந்தது. ஒழுகலுக்கும் பனிப்புக்கும் வேறுபாடு இதுதான்: ஒழுகல் ஓரிடத்தில் கோடாகவோ புள்ளியாகவோ வரும், பனிப்பு எங்கும் படரும். குளிருக்குப் பயந்து எல்லாச் சன்னல்களையும் மூடிவிட்டால் பனிப்பு அதிகமாகும். இதற்குத் தீர்வு இரண்டடுக்குக் கூடாரம். உள்ளே வலையும் மெல்லிய துணியுமான உள்கூடாரம், வெளியே நீர்புகாத மேல்விரிப்பு, இரண்டுக்கும் இடையே ஒரு கையளவு வெளி. ஆவி வலைவழியே வெளியேறி மேல்விரிப்பில் பட்டு, அதன் உட்புறமாகவே வழிந்து தரைக்குப் போய்விடும். உச்சியில் ஒன்றும் கீழே ஒன்றுமாகத் திறப்புகள் இருந்தால் காற்று தானாகக் கீழே நுழைந்து மேலே வெளியேறும். அந்தத் திறப்புகளை மழையிலும் மூடாமல் வைக்கும்படி மேலே சிறு கூரை இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். உள்கூடாரத்தின் வலை கண்சிறுத்ததாக இருந்தால் கொசு, எறும்பு, ஈரமான மலைகளில் அட்டை ஆகியவையும் உள்ளே வாரா.

மழைக்கு அடுத்தது காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கு மலைத்தொடரின் கணவாய்கள் வழியே வீசும் ஆடிக்காற்றைத் தேனிப் பக்கத்தார் நன்கு அறிவார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. அதனால் கூடாரத்தின் வடிவம் முக்கியம். இரண்டு கழிகள் உச்சியில் குறுக்கிட்டு வளையும் குவிமாடக் கூடாரம் எந்தத் திசைக் காற்றையும் ஓரளவு சமமாகத் தாங்கும். முளை அடிப்பதற்கு முன்பே தானாக நிற்கும். இடம் சரியில்லை என்றால் அப்படியே தூக்கி வேறிடத்தில் வைக்கலாம். வளைவுகள் வரிசையாக நிற்கும் சுரங்க வடிவக் கூடாரத்தில் உள்ளிடம் அதிகம். ஆனால் முளை இல்லாமல் அது நிற்காது, பக்கவாட்டுக் காற்றும் அதற்கு ஆகாது. நின்றபடி உடை மாற்றும் உயரமுள்ள வீட்டு வடிவக் கூடாரம் வசதியானது. அதன் நெட்டைச் சுவர் காற்றை முழுதாக வாங்கிக்கொள்ளும் என்பதால் மரங்களோ கட்டடமோ மறைக்கும் இடங்களுக்கே அது பொருந்தும். வீசி எறிந்ததும் தானாக விரியும் வகையை விரிக்க இரண்டு நிமிடம் போதும். அதை மடிப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும், மடித்தபின் அந்த வட்டு டிக்கியில் நிறைய இடத்தை அடைக்கும்.

மலிவான கூடாரங்களில் கழிகள் கண்ணாடியிழையால் ஆனவை. வளைந்து வளைந்து நாளாவட்டத்தில் அவை நீளவாக்கில் பிளக்கும். பிளந்த முனையில் சிம்புகள் நீட்டிக்கொண்டு கையிலும் துணியிலும் குத்தும். அலுமினியக் கழிகள் விலை கூடியவை, ஆனால் இலேசானவை, உறுதியானவை. அளவுக்கு மீறிய காற்றில் பெரும்பாலும் உடைவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். அத்துடன் ஒரு சாண் நீளக் குழாய் கொண்ட பழுதுநீக்கிக் கூடு பையில் இருப்பது நல்லது. உடைந்த இடத்தின்மேல் அதைச் செலுத்தி இரு முனைகளிலும் ஒட்டுநாடா சுற்றிவிட்டால் கழி அந்த இரவைத் தாண்டிவிடும்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் பெரும்பாலும் பெயருக்கு இருப்பவை. மலைத் தோட்டத்தின் நனைந்த மண்ணில் அவை வழுக்கி வெளியே வந்துவிடும், ஏலகிரியின் கல்தரையில் வளைந்துவிடும். மதுரைக் குடும்பம் கண்ட தீர்வு எளியது. வீடு கட்டியபோது மிஞ்சிய 8 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியைக் கொல்லர் பட்டறையில் ஓரடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையை வளைத்துக் கொக்கியாக்கிக்கொண்டார்கள். கம்பியின் வரிவரியான மேடுகள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும், கயிறு அதன் கழுத்தில் தரையை ஒட்டிக் கட்டப்பட வேண்டும். மணலில் சாதாரண முளை நிற்காது. ஒரு பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்தால் நிற்கும். கயிறுகளைக் கட்டாமல் கழிகளை மட்டும் நம்பி விடுவது, அமைதியான மாலையில் பலரும் செய்வது. காற்று நள்ளிரவில்தான் வரும் என்பதால் எல்லாக் கயிறுகளையும் வெளிச்சம் இருக்கும்போதே கட்டிவிடுவது வழக்கமாக வேண்டும். கயிறுகளில் வெள்ளைத் துணித்துண்டுகளை முடிந்துவிட்டால் இருட்டில் பிள்ளைகள் தடுக்கி விழமாட்டார்கள்.

அளவைப் பொறுத்தவரை, நால்வர் கூடாரம் என்று எழுதியிருப்பது நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கணக்கு. ஆளுக்கு 55 முதல் 60 சென்டிமீட்டர் அகலமே கிடைக்கும். பைகளை வைக்க இடமிருக்காது. புரண்டு படுக்கும் பிள்ளை சுவரை ஒட்டிப் படுத்துக் காலையில் நனைந்து எழும். ஆகவே நால்வர் குடும்பம் ஐவர் அல்லது அறுவர் கூடாரத்தை வாங்குவதே சரி. அதைவிடப் பெரியது தேவையில்லை. பெரிய கூடாரத்துக்குச் சமதளமும் பெரிதாக வேண்டும். படிப்படியாக வெட்டிய மலைத் தோட்டங்களில் அது எளிதில் கிடைப்பதில்லை. உள்ளிடத்தைவிட முன்திண்ணைதான் மழை நாளில் உதவும். மேல்விரிப்பு முன்னால் நீண்டு, தரைத்துணி இல்லாத ஒரு சிறு இடத்தை மூடியிருந்தால் சேறு படிந்த செருப்பு, நனைந்த குடை, மழைக்கோட்டு எல்லாம் அங்கேயே நின்றுவிடும். கதவைத் திறந்ததும் சாரல் படுக்கையில் விழும் கூடாரத்தை, மற்றெல்லாம் சரியாக இருந்தாலும், ஒதுக்கிவிடலாம்.

அங்கே சமைக்கலாமா என்ற கேள்வி எழும். கூடாது. செயற்கை இழை நொடியில் உருகிப் பற்றிக்கொள்ளும். குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைப்பது அதைவிடக் கொடியது: மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூங்குபவரைக் கொல்லும். இதற்கு விலக்கே கிடையாது.

விரிக்கும் முறையையும் பார்க்க வேண்டும். இங்கே கிடைக்கும் பல குவிமாடக் கூடாரங்களில் உள்கூடாரத்தை முதலில் நிறுத்திப் பிறகுதான் மேல்விரிப்பைப் போட முடியும். மழையில் போய்ச் சேர்ந்தால் மேல்விரிப்பு ஏறுவதற்குள் வலைக்கூரை வழியே தரை நனைந்துவிடும். மேல்விரிப்பையும் உள்கூடாரத்தையும் சேர்த்தே நிறுத்தும் வகை இதற்கு மேல். அது கிடைக்காவிட்டால், கூடாரத்தோடு கண்ணிகள் உள்ள ஒரு பெரிய தார்ப்பாயையும் கயிற்றையும் எடுத்துச் செல்வது போதும். முதலில் தார்ப்பாயை மரங்களுக்கிடையே சரிவாகக் கட்டி, அதன் அடியில் கூடாரத்தை நிறுத்தலாம். பிறகு அதே தார்ப்பாய் சமையலுக்கும் உட்கார்ந்து பேசுவதற்கும் கூரையாகும். சில நூறு ரூபாய்த் தார்ப்பாய் சேர்ந்த நடுத்தரக் கூடாரம், தார்ப்பாய் இல்லாத விலையுயர்ந்த கூடாரத்தைவிட மழை நாளில் அதிகம் உதவுகிறது.

எப்போதாவது பயன்படுத்துபவர்கள் விரிக்கும் முறையை ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவார்கள். கழிகளுக்கும் அவை நுழையும் இடங்களுக்கும் ஒரே நிற அடையாளம் இருந்தால் அந்த மறதி தொல்லை தராது. புதுக் கூடாரத்தை முதலில் மொட்டைமாடியில் விரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். முளை அடிக்க முடியாத இடத்தில் தண்ணீர் நிரப்பிய வாளிகளில் கயிறுகளைக் கட்டலாம். பிறகு குழாய்த் தண்ணீரைக் கால்மணி நேரம் தையல்களின்மேல் விட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒழுகும் இடங்களைச் சாக்கட்டியால் குறிக்கலாம். காய்ந்தபின் அந்த இடங்களில் தையல் பசை தடவினால் சரியாகிவிடும். பாலியூரித்தேன் பூசிய துணிக்கும் சிலிக்கான் பூசிய துணிக்கும் பசை வேறுவேறு. ஒன்றுக்கானது மற்றொன்றில் ஒட்டாது.

எவ்வளவு நல்ல கூடாரமும் தவறான இடத்தில் நனையும். மன்னவனூரில் காரட் தோட்டத்தின் ஓரத்தில் காற்று மறைவான, மெத்தென்ற புல் படர்ந்த ஓரிடம் அந்தக் குடும்பத்துக்குப் பிடித்துப்போயிற்று. தோட்டத்துப் பெரியவர் பார்த்துவிட்டு, “அந்தப் பள்ளத்துல வேணாம் சார், ராத்திரி பேஞ்சா தண்ணி அங்கதான் வந்து சேரும். மேல வாங்க” என்றார். கூடாரம் இருபது அடி மேலே போயிற்று. காலையில் அந்தப் புல்தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சுற்றிலும் உள்ளதைவிடப் பசுமையாக இருக்கும் புல், ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும் சருகு, மணல் படிந்த கோடு ஆகியவை நீரோட்டத்தின் அடையாளங்கள். ஓடையின் படுகை வறண்டிருந்தாலும் அங்கே தங்கக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழை கீழே காட்டாறாக வரும். தைலமரங்களின் கீழும் ஆகாது, அவை காற்றில்லாதபோதும் கிளையை உதிர்ப்பவை. இடி இடித்தால் கூடாரம் காப்பாகாது, காருக்குள் போய்விட வேண்டும். உணவுப் பொருளைக் கூடாரத்தில் வைக்காமல் காரில் பூட்டி வைத்தால் குரங்கும் காட்டுப்பன்றியும் துணியைக் கிழிக்கமாட்டா.

அனுமதியும் இடத் தேர்வின் ஒரு பகுதி. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிக் கூடாரம் அடிப்பது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் உயிரிழந்தபின் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாயின. தனியார் தோட்டங்களில் தங்குவதற்கும் அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடுகள் மாறிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே தோட்ட உரிமையாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பது பரண். ஈரத்தோடு மடித்த கூடாரம் ஓரிரு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். மழையில் கிளம்ப நேர்ந்தால் மேல்விரிப்பைத் தனிப்பையில் போட்டு, வீடு வந்ததும் அதே நாளில் நிழலில் காயவைக்க வேண்டும். மொட்டைமாடி வெயிலில் நாள்கணக்கில் விட்டால் இழை நைந்துபோகும். சேற்றை ஈரத் துணியால் துடைத்தால் போதும். துவைக்கும் இயந்திரத்தில் போட்டால் பூச்சு உரிந்துவிடும். பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் மெல்லச் சிதையும். சில ஆண்டுகள் கழித்துப் பிரிக்கும்போது துணி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு புளித்த வாடை அடித்தால் அதுவே காரணம். கோடையில் மதுரை வீட்டுக் கான்கிரீட் கூரையின் கீழுள்ள பரண் அந்தச் சிதைவுக்கு ஏற்ற இடம். அறையின் அலமாரியில் கீழ்த்தட்டு அதைவிட நல்லது. கூடாரத்தை அதன் இறுக்கமான உறையில் திணிக்காமல் பழைய வேட்டியில் தளர்வாகச் சுற்றி வைத்தால், ஒரே மடிப்பில் பூச்சு வெடிப்பதும் குறையும். உணவின் வாடை சிறிதும் இல்லாதபடி துடைத்து வைத்தால் எலி நாடாது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து விரித்துப் பார்த்தால், குறை இருந்தாலும் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

மேல்விரிப்பின் பூச்சு வெண்செதில்களாக உதிரத் தொடங்கினாலோ, துணி முழுவதும் பிசுபிசுத்தாலோ அந்த மேல்விரிப்பின் காலம் முடிந்தது. தையல் பசையால் அதை மீட்க முடியாது. சில நிறுவனங்கள் மேல்விரிப்பையோ கழியையோ தனியாக விற்கின்றன. வாங்கும்போதே உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்டுவைப்பது அப்போது பயன்படும். கிடைக்காவிட்டால் உள்கூடாரத்தை மழையற்ற இரவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். முளைகளும் கயிறுகளும் தார்ப்பாயும் அடுத்த கூடாரத்துக்கு அப்படியே உதவும்.